சம்பந்தம் சார் விட்ட எக்ஸ்

எங்க ஸ்கூல்ல ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்துக்கினு இருந்த திருஞானசம்பந்தம் சாரு மாதிரி பயந்த மனுஷனை நான் பாத்ததே இல்ல. நாயின்னா பயம், கரெஸ்பாண்டன்ட் ரூம் கதவுன்னா பயம், தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா பயம். டவுன் பஸ்ல கண்டக்டர் கொஞ்சம் முறைச்சுட்டாருன்னு வச்சுக்கோங்க, எறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு முன்னாடியே எறங்கி நடந்து வருவாரு. நான் அதே ஸ்கூல்ல பி.டி. மிஸ். பேரு ஷாரோன், வீடு செவிலிமேடு. எனக்கு யாரைக் கண்டும் பயம் கிடையாது, வாய் வேற கொஞ்சம் நீளம். ஸ்டாஃப் ரூம்ல பந்து வைக்கிற பீரோ பக்கத்துல நாத்தம் அடிக்கும், யாரும் உக்கார மாட்டாங்க. அந்த மூலையில நானும் சம்பந்தம் சாரும் மட்டும்தான். நான் உக்காந்தா சரி, பந்து என்னுது. நீங்க ஏன் சார் இங்க வந்து மாட்டிக்கினீங்கன்னு ஒருதரம் கேட்டேன். மத்த சேர்ல எல்லாம் ஏற்கெனவே யாராவது உக்காந்திருந்தாங்க, எழுந்திருங்கன்னு சொல்ல பயமா இருந்துச்சுன்னாரு.

அவரு வீடு பிள்ளையார்பாளையத்துல தறிக்காரங்க வீடு. தம்பி பழனி இன்னைக்கும் தறி வச்சு ஜோரா நெய்யறாரு, ஆர்டருக்குக் குறைச்சல் இல்ல. சாரையும் சின்ன வயசுல தறியில உக்கார வச்சாங்களாம். ஒரு சாண் நெய்வாராம், நிறுத்துவாராம், எங்கயாவது இழை அறுந்திருக்குமோன்னு குனிஞ்சு குனிஞ்சு பாப்பாராம். மறுபடி ஒரு சாண். இவன் ஒரு புடவையை முடிக்கிறதுக்குள்ள அதைக் கட்டப்போற பொண்ணுக்குக் கல்யாணம் ஆகி குழந்தையே பொறந்துடும்னு அவங்க அப்பா கும்பிடு போட்டு காலேஜுக்கு அனுப்பிட்டாரு. இதை அவரே சொல்லிச் சிரிப்பாரு.

ஆனா அவருக்குள்ள பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சு. அதைச் சொல்லிச் சிரிக்க மாட்டாரு. கிளாஸ்ல ஒரு பிள்ளை எழுந்து, சார் இந்தக் கணக்கு எப்டின்னு கேட்டு, தனக்கு அது வராம, கையில சாக்பீஸோட நிக்கணும். அதுதான் அவருக்குக் கெட்ட கனவு. அதனால மறுநாள் எடுக்கப்போற கணக்கை ஒண்ணு விடாம வீட்ல போட்டுப் பாத்துட்டுத்தான் வருவாரு. தூக்கத்துல கூட டி எக்ஸ், டி எக்ஸ்னு புலம்பறாரு அக்கான்னு அவரு சம்சாரம் வள்ளி என்கிட்ட சொல்லி அழாத குறைதான். போர்டுல பிள்ளைங்க கணக்கு போடும்போது ஒரு வரி புரியலன்னா அதட்ட மாட்டாரு. கிட்ட போயி, இது எங்கேர்ந்து வந்துச்சும்மான்னு மெதுவா கேப்பாரு. தப்பைப் பிடிச்சுட்டாருன்னு பிள்ளைங்க நடுங்கும். உண்மையில நடுங்கறது அவருதான். தனக்குத் தெரியாத வழி ஏதோ ஒண்ணு இருக்குது, நாமதான் விட்டுட்டோம் போலன்னு பயம். வருஷம் பூரா அந்த ஒரு கேள்விதான் அவரு வாயில, இது எங்கேர்ந்து வந்துச்சு.

எங்க ஊர்ல ஒரு அறக்கட்டளை வருஷா வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்குக் கணக்குப் பரீட்சை வைப்பாங்க. சுத்துப்பட்டு ஸ்கூல்லேர்ந்து எல்லாம் வந்து எழுதும். முதலாவதா வர்ற பிள்ளையை மெட்ராஸ் காலேஜ்ல சேத்து, ஹாஸ்டல் முதற்கொண்டு படிப்பு முடியற வரைக்கும் அவங்களே பாத்துக்குவாங்க. ஒரே ஒரு பிள்ளைக்குத்தான். ரெண்டாவதுக்கு ஒரு கப்பு, ஒரு சால்வை, போட்டோ.

போன வருஷம் எங்க ஸ்கூல்லேர்ந்து சந்தியா எழுதுச்சு. என் கோ-கோ டீம் கேப்டன். அப்பா இல்ல. அம்மாவுக்கு, புடவை டிசைன் வரையறவங்களுக்கு கிராஃப் பேப்பர்ல கட்டம் நிரப்பிக் குடுக்கிற வேலை. ஒரு மயிலு நெய்யணும்னா அந்த மயிலு முதல்ல பேப்பர்ல கட்டம் கட்டமா நிக்கணும். ஒரு கட்டம் மாறிப்போச்சுன்னா புடவையில மயிலுக்கு மூக்கு கோணிக்கும். சந்தியா தவழ்ந்த நாள்லேர்ந்து அம்மா பக்கத்துல உக்காந்து கட்டம் எண்ணின பொண்ணு. ப்ளஸ் டூ முடிஞ்ச கையோட ஒரகடம் பக்கத்துல ஒரு கம்பெனி வேலைக்கு வேன்ல ஏத்தி விட்டுடறதா அதோட மாமா பேசி முடிச்சுட்டான். இந்தப் பரீட்சையில முதல்ல வந்தா காலேஜு, இல்லன்னா வேன். நடுவுல வேற வழி கிடையாது. இதை அந்தப் பொண்ணே என்கிட்ட சொல்லுச்சு, அழாம, ஷூ லேஸைக் கட்டிக்கினே. 

அந்த வருஷம் கேள்வித்தாள் எடுக்கிற பொறுப்பு சம்பந்தம் சார் தலையில விழுந்துச்சு. ஒத்துக்கவும் பயம், மாட்டேன்னு சொல்லவும் பயம். கடைசியில ஒத்துக்கினாரு.

இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும். கேள்வித்தாள் எடுக்கிற வாத்தியாருங்க, அதை இன்னொரு வாத்தியார்கிட்ட குடுத்து, விடையைப் பாக்காம போட்டுப் பாக்கச் சொல்லுவாங்க. தான் எழுதினதைத் தானே படிச்சா, இல்லாதது கூட இருக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியும், அதுக்குத்தான். நம்ம சாரு யார்கிட்டயும் குடுக்கல. கேள்வி வெளிய போயிடுச்சுன்னா தன் தலைதான் உருளும்னு பயம். கம்ப்யூட்டர் ரூம் கதவைத் தாப்பா போட்டுக்கினு, டைப் அடிச்சுப் பழக்கமில்லாத கையால ஒவ்வொரு எழுத்தா அவரே அடிச்சாரு. தேவையான பிரதியை அங்கயே எடுத்து, எடுத்த சூட்டோட கவர்ல போட்டு சீல் வச்சு, வீட்ல அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சு வச்சாரு. மறுபடி ஒருதரம் படிச்சுக் கூடப் பாக்கல. யாராவது பாத்துடுவாங்களோன்னு தன் வீட்டுலயே பயம். விடை எழுதின கீ மட்டும் அவரு கையெழுத்துல தனியா இருந்துச்சு. அதுல எல்லாம் சரியா இருந்துச்சு.

பரீட்சை நடந்தது அறக்கட்டளையோட கல்யாண மண்டபத்துல. பி.டி. மிஸ்னா எடுபிடி வேலைக்குன்னே பொறந்தவன்னு ஒரு நெனப்பு ஊர்ல இருக்குது. பெஞ்சு போடறது, பேப்பர் குடுக்கிறது, தண்ணி வைக்கிறது எல்லாம் நான்தான். பாதிப் பரீட்சையில சந்தியா எழுந்து, மிஸ் ஒரு கிராஃப் ஷீட்டுன்னுச்சு. வேற யாரும் கேக்கல. இருந்துச்சு, குடுத்தேன். அதுக்கப்புறம் பொண்ணு ரொம்ப நேரம் தலையைத் தூக்கவே இல்ல. வாய்க்குள்ள எதையோ எண்ணிக்கினே இருந்துச்சு.  கணக்கை விட்டுட்டு இது எதை எண்ணுதுன்னு நெனைச்சேன்.

திருத்தறதும் அதே மண்டபத்துலதான். பேப்பர்ல பேரு இருக்காது, நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யாருதுன்னு அறக்கட்டளையைப் பாத்துக்கிற சங்கீதா மேடம் கிட்ட சீல் வச்ச கவர்ல இருக்கும். அஞ்சாறு ஸ்கூல் கணக்கு வாத்தியாருங்க, சாப்பாட்டு டேபிளைச் சேத்துப் போட்டுக்கினு திருத்தினாங்க. சம்பந்தம் சாரு தலைமை. நான் கட்டு பிரிக்கிறது, கட்டறது, டீ ஊத்தறது.

கொஞ்ச நேரம் போனதும் ராமராஜன்னு வேற ஸ்கூல் சாரு சத்தம் போட்டுச் சிரிச்சாரு. ஒரு பேப்பரைத் தூக்கிக் காட்டி, இன்டக்ரேஷன் கேட்டா இது புடவை டிசைன் போட்டு வச்சிருக்குதுன்னாரு. கிராஃப் ஷீட் பூரா ஒரு வளைகோடு. அதுக்குக் கீழ கட்டம் கட்டமா புள்ளி வச்சு எண்ணியிருந்துச்சு. பக்கத்துல லாக் டேபிள் புக்கைப் பாத்துப் போட்ட கணக்கு. கடைசியில, இதுக்கு எனக்கு ஃபார்முலா கிடைக்கல, பரப்பை எண்ணிப் பாத்தேன், சுமார் ஒண்ணு பாயின்ட் நாலு ஆறுன்னு எழுதி வச்சிருந்துச்சு. கீயில இருந்த விடை பாயின்ட் எட்டு ஆறு. பத்து மார்க் கணக்கு. ராமராஜன் சாரு பெருசா ஒரு முட்டையைப் போட்டாரு. எல்லாரும் கைமாத்தி கைமாத்தி பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு அது யாரு பேப்பருன்னு தெரியும். அந்த கிராஃப் ஷீட்டைக் குடுத்ததே நான்தான். டீ கெட்டிலைக் கீழ வச்சுட்டேன். போச்சு, பொண்ணை வேன்ல ஏத்திட்டாங்கன்னு நெனைச்சேன்.

பேப்பரு சம்பந்தம் சாரு கைக்கு வந்துச்சு. அவரும் முதல்ல லேசா சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. கேள்வித்தாளை எடுத்து, விரலை வச்சு அந்தக் கேள்வியைப் படிச்சாரு. மறுபடி படிச்சாரு. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. பேப்பரைக் கவுத்து வச்சுட்டு, கை கழுவுற இடத்துக்குன்னு எழுந்து போனவரு திரும்பி வரல.

நான் பின்னாலயே போனேன். வரிசையா இருக்கிற குழாய்ல ஒண்ணைத் திறந்து விட்டுட்டு, அதுல கையைக் கூட நீட்டாம நின்னுக்கினு இருந்தாரு. சட்டை பூரா வேர்வை. என்னா சார், மாரு வலிக்குதான்னு பதறிட்டேன். இல்ல மிஸ், நான் ஒரு எக்ஸை விட்டுட்டேன்னாரு.

எனக்குப் புரியல. என்னை மாதிரி மண்டைக்கும் ஏறற மாதிரி அவரு சொன்னதை அப்படியே சொல்றேன். இன்டக்ரேஷன்னா ஒரு வளைகோட்டுக்குக் கீழ எவ்ளோ இடம் இருக்குதுன்னு கண்டுபிடிக்கிறது. பாடத்துல வர்ற கணக்குக்கு எல்லாம் அதுக்கு ஒரு ஃபார்முலா கிடைச்சுடும், போட்டா விடை வந்துடும். அவரு கேக்க நெனைச்சது எக்ஸ் இன்டு ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர், சைபர்லேர்ந்து ஒண்ணு வரைக்கும். ப்ளஸ் டூ பிள்ளை மூணு வரியில முடிச்சுடும். டைப் அடிக்கும்போது முன்னாடி இருந்த எக்ஸ் விட்டுப்போயி, வெறும் ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர்னு அச்சாயிடுச்சு. அதுக்கு ஃபார்முலாவே கிடையாது.

இன்னும் யாரும் கண்டுபிடிக்கலியான்னு கேட்டேன்.

"கண்டுபிடிக்கலன்னு இல்ல மிஸ். கண்டுபிடிக்கவே முடியாதுன்னு எப்பவோ நிரூபிச்சு வச்சுட்டாங்க. நீங்க, நான், எவ்ளோ பெரிய மேதை வந்தாலும் அதை ஃபார்முலாவா எழுத முடியாது."

அப்போ அந்த இடமே இல்லியா சார்னு கேட்டேன். இடம் இருக்குதாம். ஜம்முனு இருக்குதாம். ஃபார்முலாவுல சொல்லத்தான் முடியாது, வேணும்னா எண்ணிக்கலாம்னாரு. அப்போ அந்தப் பேப்பர்ல எண்ணியிருக்குதே, அது தப்பான்னு கேட்டேன்.  இல்ல, அதுதான் சரின்னாரு. அப்போ பாயின்ட் எட்டு ஆறுன்னு எழுதினதுங்க எல்லாம் எப்டி சார்னேன். பழக்க தோஷத்துல, இல்லாத எக்ஸை அதுங்களா கொண்டாந்து சேத்துக்கிச்சுங்க மிஸ், நான் சேத்துப் படிச்ச மாதிரியேன்னாரு.

அப்புறம் என் கையைப் பிடிச்சுக்காத குறையாக் கெஞ்சினாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ். ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தரு எடுத்த பேப்பர்ல இதே மாதிரி ஒரு தப்பு வந்து, ஊரே சிரிச்சு, அவரு ஸ்கூலை விட்டுட்டு இன்ஷூரன்ஸுக்கு அலைஞ்சுக்கினு இருக்காரு. எனக்கு வேற வேலை தெரியாது, தறியும் வராது. யாரும் கவனிக்கல, கவனிக்கவும் மாட்டாங்க. இப்டியே விட்டுட்டா என்னா ஆவப்போவுதுன்னாரு.

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துச்சு. யோவ், அது நம்ம சந்தியா பேப்பருய்யான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா சொல்ல முடியாது. யாரு பேப்பருன்னு திருத்தறவருக்குத் தெரிஞ்சா அது மோசடி. அவருக்காகச் சொல்லாம விட்டனா, எனக்காகச் சொல்லாம விட்டனா, அதெல்லாம் தெரியல. என் வாழ்நாள்ல முதல் தடவையா வாயை மூடிக்கினு நின்னேன். பயம்னா என்னான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

கடைசியில இவ்ளோதான் சொன்னேன்.

"எந்தப் பிள்ளையோ, உக்காந்து எண்ணியிருக்குது சார்."

அவரு குழாயை மூடிட்டு உள்ள போனாரு. நான் தூரத்துலேர்ந்து பாத்துக்கினு இருந்தேன். கவுத்து வச்ச பேப்பரை எடுத்தாரு. அக்கம் பக்கம் பாத்தாரு. சிவப்புப் பேனாவால அந்த முட்டையை மெதுவா அடிச்சு, பக்கத்துல சின்னதா பத்துன்னு போட்டாரு. திருட்டுத்தனமா, கேஸ் அடுப்பைத் திறந்து விட்ட குழந்தை மாதிரி உக்காந்திருந்தாரு. சத்தியமா சொல்றேன், அப்பவே எனக்குத் தெரியும், இது நல்லபடியா முடியாதுன்னு.

ராமராஜன் சாரு பாத்துட்டாரு. எழுந்து வந்து பேப்பரைப் பிடுங்கிக்கினாரு. நான் முட்டை போட்ட பேப்பருக்கு இவரு பத்து போடறாரு, என்னா சார், உங்க ஸ்கூல் பிள்ளையான்னு மண்டபம் அதிர்ற மாதிரி கேட்டாரு. அத்தனை பேனாவும் நின்னுச்சு. ஆபீஸ் ரூம்லேர்ந்து சங்கீதா மேடம் வெளிய வந்தாங்க. பெரிய பட்டுக்கடை வீட்டுப் பொண்ணு, சத்தமே போட மாட்டாங்க, அதனாலயே எல்லாருக்கும் அவங்கன்னா பயம். என்ன விஷயம்னு கேட்டாங்க.

சாருக்கு இப்போ ரெண்டு வழி. கை தவறிப் பட்டுடுச்சுங்கன்னு சொல்லி மறுபடி முட்டையைப் போட்டா பிரச்னை அங்கயே முடிஞ்சுடும். தப்பு தன்னோடதுன்னு சொன்னா, காலத்துக்கும் பயந்துக்கினு இருந்தது நடக்கும். நான் கெட்டிலைக் கட்டிப் பிடிச்சுக்கினு நின்னேன். எங்க சர்ச்சுல கூட அப்டி ஜெபம் பண்ணினது இல்ல. என்னா சார் பேச்சைக் காணோம்னு ராமராஜன் சாரு மறுபடி கேட்டாரு.

சாரு எழுந்தாரு. டேபிளைப் பிடிச்சுக்கினாரு. ஒரு போர்டு வேணும்னாரு. மண்டபத்துல ஏது போர்டு? வாசல்ல மாப்பிள்ளை பொண்ணு பேரு எழுதி வைக்கிற போர்டு இருந்துச்சு. போன முகூர்த்தத்துப் பேரு கூட அழிக்கல. நான்தான் ஓடிப்போயி தூக்கியாந்து, புடவைத் தலைப்பால துடைச்சுக் குடுத்தேன். சாக்பீஸு அவரு கையில ஒடிஞ்சுது. இன்னொண்ணு எடுத்தாரு, அதுவும் ஒடிஞ்சுது. மிச்சத் துண்டை வச்சு ஒரு கட்டம் போட்டாரு. அதுக்கு மேல ஒரு வளைகோடு, கட்டத்தோட மேல் முனையில ஆரம்பிச்சு மேல ஏறிப் போற மாதிரி.

"இந்தக் கட்டம் மட்டுமே ஒண்ணு. கோடு இதுக்கு மேலதான் போவுது. அப்போ கீழ இருக்கிற இடம் ஒண்ணை விட ஜாஸ்தியாத்தான் இருக்கணும். என் கீயில பாயின்ட் எட்டு ஆறு இருக்குது. அது இந்தக் கேள்விக்கு விடையே இல்ல. கேள்வியில ஒரு எக்ஸை விட்டவன் நான்தான். யார்கிட்டயும் காட்ட பயந்துக்கினு விட்டுட்டேன்."

அவ்ளோதான் சொன்னாரு. கணக்கு தெரியாத எனக்கே போர்டைப் பாத்த உடனே புரிஞ்சுது. கட்டத்தையே முழுங்கிட்டு நிக்குது கோடு, அது எப்டி கட்டத்தை விடச் சின்னதா இருக்கும்? வாத்தியாருங்க எல்லாரும் கேள்வித்தாளை எடுத்துக் குனிஞ்சாங்க. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கினாங்க. அத்தனை பேரும் அன்னைக்குக் காலையிலேர்ந்து அந்தக் கேள்வியை வச்சுத்தான் திருத்தினாங்க. ஒருத்தர் கண்ணுலயும் படல.

ராமராஜன் சாரு கெட்டவரு இல்ல, கோவக்காரரு, என்னை மாதிரி. அப்டின்னா இந்தக் கேள்வியையே எல்லாருக்கும் ரத்து பண்ணிடலாம்னாரு. வழக்கமா அதானே செய்வாங்க. மத்தவங்களும் ஆமாம்னாங்க.  கேள்வி ரத்தானா அதை உக்காந்து எண்ணின நேரம் யாரு தருவாங்க? அந்தப் பொண்ணு கடைசிக் கணக்கைப் பாதியில விட்டுட்டு பேப்பரைக் குடுத்ததை நான் பாத்தேன்.

அப்போ சம்பந்தம் சாரு ரெண்டாவது தடவையா வாயைத் திறந்தாரு. சங்கீதா மேடத்தைப் பாக்கல, தரையைப் பாத்துத்தான் பேசினாரு. கேள்வியில தப்பு இல்லீங்க, நான் கேக்க நெனைச்சதுதான் வேற. அச்சுல இருக்கிற கேள்விக்கு விடை இருக்குது. அதை எழுதின பிள்ளை ஒண்ணு இருக்குது. என் தப்புக்கு அந்தப் பிள்ளையோட சரியான விடையை ரத்து பண்ணாதீங்கன்னாரு. சொல்லும்போது குரல் கீச்சுன்னு போச்சு.

சங்கீதா மேடம் கொஞ்ச நேரம் போர்டையே பாத்தாங்க. எனக்குக் கணக்கு தெரியாது, எண்ணினா வருதுன்னு சொல்றாரே, நீங்க எல்லாரும் எண்ணிப் பாருங்கன்னு சொல்லிட்டு ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. ஆளுக்கு ஒரு கிராஃப் ஷீட் நான் குடுத்தேன். நரைச்ச தலையெல்லாம் குனிஞ்சு, பந்தியில உக்காந்த மாதிரி வரிசையா உக்காந்து, வாய்க்குள்ள கட்டம் எண்ணுச்சுங்க. சிரிப்பு வரவேண்டிய காட்சிதான். எனக்கு வரல. ஒருத்தருக்காவது வேற விடை வந்துடுமோன்னு ஒவ்வொருத்தர் வாயையா பாத்துக்கினு இருந்தேன். ஒருத்தருக்குக் கொஞ்சம் கூட, ஒருத்தருக்குக் கொஞ்சம் குறைய, ஆனா எல்லாருக்கும் ஒண்ணரைக்குக் கிட்டதான் வந்துச்சு. ராமராஜன் சாரு கடைசியா நிமிந்தாரு. ஒண்ணு பாயின்ட் நாலு ஆறுன்னு மெல்ல சொன்னாரு. தான் போட்ட முட்டைக்குப் பக்கத்துல தானே கையெழுத்து போட்டு, பத்து மார்க்கை ஒத்துக்கினாரு.

பாயின்ட் எட்டு ஆறுக்குப் போட்ட மார்க்கை எல்லாம் அடிச்சாங்க. அந்தக் கணக்குக்கு மார்க் கிடைச்சது ஒரே பேப்பருக்கு. எல்லாம் கூட்டி முடிச்சு, கவரைப் பிரிச்சு, மேடம் பேரைப் படிச்சாங்க. சந்தியா. அடுத்த பிள்ளைக்கும் அதுக்கும் ரொம்ப வித்தியாசம் இல்ல. ஸ்கூல் பேரைக் கேட்டதும் ராமராஜன் சாரு சடார்னு சம்பந்தம் சாரைத் திரும்பிப் பாத்தாரு. சாருக்கு மூஞ்சியில ரத்தமே இல்ல, வாயைத் திறந்தபடி நிக்கிறாரு. இதுக்கு மேல என்னால முடியல. அவருக்குத் தெரியாது சார், கிராஃப் ஷீட் குடுத்த எனக்குத்தான் தெரியும், என்னை வேணா கேளுங்கன்னு கத்திட்டேன். ராமராஜன் சாரு சிவப்புப் பேனாவை மூடினாரு. அப்புறம், நானே எண்ணினேனேம்மா, இதுல கேக்க என்னா இருக்குதுன்னு சொல்லிட்டு பையை எடுத்துக்கினு போயிட்டாரு.

மண்டபத்துப் படியில சாரு உக்காந்துட்டாரு.  நான் டீ ஊத்திக் குடுத்தேன், கிளாஸு பல்லுல தட்டற சத்தம் கேட்டுச்சு. குடிச்சு முடிச்சுட்டு, உங்களுக்கு முதல்லயே தெரியுமா மிஸ்னு கேட்டாரு. தெரியும் சார், சொல்லலன்னு கோவமான்னேன்.

"நல்லவேளை சொல்லல மிஸ். நம்ம சந்தியான்னு தெரிஞ்சிருந்தா, சொந்தப் பிள்ளைக்குப் பேசறான்னு சொல்லுவாங்களேன்னு பயந்துக்கினு நான் வாயையே திறந்திருக்க மாட்டேன்."

 குழாய்கிட்ட நின்னுக்கினு அந்தப் பேரைச் சொல்றதுக்கு வாயைத் திறந்தேனே, அது நெனைவுக்கு வந்துச்சு. ஒரு மூச்சு விட்டிருந்தா போதும், நானே அந்தப் பொண்ணை வேன்ல ஏத்தியிருப்பேன்.

அதுக்கப்புறம் சாரு பயந்தது எல்லாம் நடக்கவும் செஞ்சுது. ஊர்ல நாலு பேரு சிரிச்சாங்க. கேள்வித்தாள் எடுக்கிற வேலைக்கு இனிமே அவரைக் கூப்பிட மாட்டோம்னு அறக்கட்டளை மரியாதையாச் சொல்லி அனுப்பிட்டாங்க. கரெஸ்பாண்டன்ட் ரூமுக்குள்ள கூப்பிட்டு அரை மணி நேரம் கிழிச்சாரு. இந்த வருஷம் ப்ளஸ் டூவை எடுத்துட்டு ஒன்பதாவது குடுத்துட்டாங்க. எனக்கு ஆத்திரம் தாங்கல, நேரா போயி சண்டை போடறேன்னு கிளம்பினேன். வேணாம் மிஸ், ஒன்பதாவதுல இன்டக்ரேஷன் கிடையாது, நிம்மதியாத்தான் இருக்குதுன்னு என்னை உக்கார வச்சுட்டாரு. பொய்யி. வீட்டுக்குப் போயி இப்பவும் போட்டுப் பாக்கறாருன்னு வள்ளி சொல்லுச்சு.

மெட்ராஸ் கிளம்பறதுக்கு முன்னாடி சந்தியா ஸ்டாஃப் ரூமுக்கு வந்துச்சு, அம்மாவோட. அம்மா எங்க ரெண்டு பேர் கையிலயும் பூவைக் குடுத்துட்டு வாசல்கிட்ட போயி நின்னுக்கிச்சு.  நல்லா படிம்மான்னாரு சாரு. அப்புறம் தயங்கித் தயங்கி, மத்தவங்க எல்லாம் எக்ஸ் இருக்கிற மாதிரி போட்டு விடை கொண்டாந்துட்டாங்களே, உனக்கு அது தோணலையாம்மான்னு கேட்டாரு.

"தோணுச்சு சார். போட்டா சட்டுனு முடிஞ்சுடும்னு தெரிஞ்சுது. ஆனா இது எங்கேர்ந்து வந்துச்சும்மான்னு நீங்க வந்து கேப்பீங்களேன்னு பயமா இருந்துச்சு. அதான் எண்ணினேன்."

 சாரு பீரோவைத் திறந்து எதையோ தேடற மாதிரி திரும்பிக்கினாரு. அது பந்து பீரோ, அதுல அவரு தேட ஒண்ணும் இல்ல. 

சாயங்காலம் ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வழியில ஒரு நாய் படுத்திருந்துச்சு, நல்ல தூக்கம். சாரு வழக்கம்போல ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கமா சுத்திக்கினு போனாரு. வேற நாளா இருந்தா நான் கிண்டல் பண்ணியே கொன்னுருப்பேன். அன்னைக்கு நானும் கூடவே சுத்திக்கினு போனேன்.